மெலாத்திக்குக் குளிர்ந்தது

காலையில் எழுந்ததும் யாயானுக்குக் காப்பிகூட இரண்டாம் பட்சம்தான். முதலில் கூடத்து மூலையிலிருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, செடிக்குத் தெளிக்கிற குப்பியால் உள்ளே நாலு முறை தண்ணீர் தெளிப்பான். உள்ளே மெலாத்தி, ஆளுயரத்தைவிட நீளமான போவா பாம்பு. அதற்கு ஈரப்பதம் வேண்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சூட்டைப் பற்றிக் கேட்டபோது, "நம்ம தலைக்கு மேலதான் சூரியனே குடியிருக்கு. தனியா ஹீட்டர் எதுக்குண்ணே?" என்று சிரித்துவிட்டான்.

சமவெளி ஊரான பெக்காசியில் இருந்தவரை அது சரியாகத்தான் இருந்தது. அங்கே வீட்டுக்குள்ளேயே வேர்த்துக் கொட்டும். போன மழைக்காலத்தில் வேலை மாறி, மனைவியோடு லெம்பாங் மலைக்குக் குடிவந்தான். இங்கே பகலிலேயே ஸ்வெட்டர் போட வேண்டும். துவைத்த துணி காயவே காயாது. யாயான் பெட்டியை அப்படியே தூக்கிவந்து வைத்தான், தண்ணீர் தெளிப்பதையும் தொடர்ந்தான். உள்ளே ஒரு வெப்பமானி வைக்கலாம் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெலாத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு சதுக்கத்துக்குப் போவான், பாம்புப் பிரியர்களோடு போட்டோ எடுத்துக்கொள்வான். புதிதாகப் பாம்பு வாங்கியவர்கள் யோசனை கேட்டால், விற்றவன் சொன்னதையே தன் சொந்தச் சரக்காக எடுத்துவிடுவான்.

மெலாத்தி எலியைத் தொடாமல் விட்டபோது, "பொண்ணு டயட்ல இருக்கா" என்று கிண்டல் வேறு.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மனைவி இமாஸுக்கு அவன் 'காங்', அவனுக்கு அவள் 'நெங்'. ஒருநாள் காலையில் அவள் அலறினாள். "காங்! சீக்கிரம் வாங்க. வாயத் தொறந்துக்கிட்டே கெடக்கு. மூக்குல நுரை வருது."

"காத்து புகுந்திருக்கும், நெங். தைலத்தக் கொண்டா."

அந்த ஊரில் குழந்தைக்கு வயிறு உப்பினாலும் பெரியவருக்கு மூட்டு வலித்தாலும் உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். எல்லாவற்றுக்கும் மருந்து அந்தப் பச்சைக் குப்பித் தைலம்தான். யாயான் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, தலையிலிருந்து வால்வரை நீவிவிட்டான். பாசமாகத்தான் நீவினான், பாவி.

அதற்குப் பிறகு மூச்சு இன்னும் மோசமானது. பாம்பைத் துணிப்பையில் போட்டு, மோட்டார் சைக்கிளில் இருவரும் கீழே பாண்டுங் நகரத்துக்கு விரைந்தார்கள்.

கால்நடை மருத்துவர் தெத்தி பையைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தார். "தைலம் தடவினீங்களா? நமக்கே நெடி ஏறுது. இது நிமோனியாவுல மூச்சுக்குத் தவிக்குது. பெட்டியில சூடு எவ்வளவு வச்சிருந்தீங்க?"

யாயான் குப்பியை அழுத்துவதுபோல் விரலை மடக்கிக் காட்டினான். "தண்ணி தெளிப்பேன், டாக்டர். தினமும்."

"ஒரு பக்கம் முப்பது, முப்பத்திரண்டு டிகிரி. இன்னொரு பக்கம் இருபத்தஞ்சுக்குக் கீழ எறங்கக் கூடாது. அந்தச் சூட்டோட ஈரம் இருந்தாத்தான் அதுக்குக் காடு மாதிரி. குளிரோட ஈரம் சேர்ந்தா நெஞ்சுல சளிதான்."

ஊசி போட்டு, சூடான பெட்டிக்குள் வைத்தார். "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

யாயான் எதிர்க்கடைக்கு ஓடி சூட்டுத் தகடும் தெர்மோஸ்டாட்டும் வாங்கிவந்தான். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சூடான பெட்டியின் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது? தட்டிக் கொடுக்கலாமா என்றால் தொடக் கூடாது என்றார்கள். ஏதாவது சொல்லலாமா என்றால் பாம்புக்குப் பேச்சு புரியாது. வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாயங்காலம் வாய் திறந்தபடியே மூச்சு நின்றுபோனது. யாயான் குழந்தைபோல் அழுதான்.

"டாக்டர்கிட்ட காட்டாமலா விட்டோம்? நம்மால ஆனதச் செஞ்சோம்ல, நெங்?" என்று இமாஸின் கையைப் பிடித்தான்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

"இன்னிக்குச் செஞ்சோம், காங். நமக்குக் குளிர்ந்தப்பல்லாம் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டோம். அதுக்குக் குளிர்ந்தா எழுந்து எங்க போகும்? காட்டுல இருந்திருந்தா வெயிலத் தேடிப் போயிருக்கும். பெட்டிக் கதவச் சாத்தினது நாம. அப்ப உள்ள வெயில் வைக்க வேண்டியதும் நாமதான். அது தெரியாதவங்க ஒரு உயிர வாங்கவே கூடாது."