அமுக்கினால் விரியும் சாமான்

1

இந்தக் கதை ஒரு விலைச்சீட்டில் பிறந்தது. எங்கள் பழைய சாமான் கடையில் அப்பா விலை சொல்வார். நான் சீட்டு எழுதி நூலில் கோத்துக் கட்டுவேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கிடைத்த வேலை. யாரோடும் பேச வேண்டாம் என்பதால் பிடித்துப்போனது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் ஒரு வரி காலி. அதை நிரப்பப் போய்த்தான் இவ்வளவும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை கொட்டிய ஒரு மாலையில், மர்மமான ஒரு பெண்மணி—”

மழை இல்லை. பெண்மணியிடம் மர்மமும் இல்லை. கையில் தக்காளிப் பைதான் இருந்தது.

2

சாமானைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் நீளம். எலும்பில் செய்தது, மஞ்சளித்துவிட்டது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கால்கள், ஆனால் கூர் கிடையாது; நுனி வழவழவென்று உருண்டிருக்கும். நடுவில் ஒரு சின்ன ஸ்பிரிங். பிடியை அமுக்கினால் எந்த இடுக்கியும் மூடிக்கொள்ளும். இது விரியும். இதை வைத்து ஒன்றையும் பிடிக்க முடியாது, ஒன்றையும் வெட்ட முடியாது.

(பழையது எதைப் பார்த்தாலும் அப்பாவுக்கு அது விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான்தான். இது நிஜமாகவே அப்படி. வந்த பெட்டியின் மூடியில் ராணியின் தலை இருந்தது.)

சீட்டில் மூன்று வரி: பெயர், உபயோகம், விலை. உபயோகம் தெரியாமல் விற்பது அப்பாவைப் பொறுத்தவரை ஏமாற்று. தெரியாத சாமானை ராத்திரிச் சாப்பாட்டில் நடுவே வைப்பார். உபயோகம் சொல்பவர் செய்து காட்ட வேண்டும். மேசையில் இருக்கும் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் சீட்டில் ஏறும். மறுப்பவர் சும்மா மறுக்கக்கூடாது. வேறொன்று சொல்லியாக வேண்டும்.

மற்ற சாமான்கள் ஒரு வாரத்தில் முடிவாகிக் கடைக்குப் போய்விட்டன. இது மேசையிலேயே தங்கிவிட்டது.

3

அக்கா அதை மூக்கில் விட்டு விரித்துக்கொண்டாள்.

“ராணிக்கு ஜலதோஷம் வந்தா மூச்சு விட.”

“எடுடி அத. எவன் மூக்குல இருந்துச்சோ,” என்றாள் அம்மா. பிறகு எழுந்து போய் என் பள்ளிக்கூட ஷூவை எடுத்துவந்தாள். சாமானை முனை வரைக்கும் உள்ளே விட்டு அமுக்கினாள். “புள்ளைக்கு ஷூ கடிக்குது. இதுக்குத்தான் இது.”

“ராணி ஷூவ ராணியே பெருசாக்கிப்பாளா?” என்றார் அப்பா.

“புருஷன் செய்யலன்னா அவளேதான் செஞ்சுக்கணும்.”

அப்பா மறுத்தார். இறுகின முடிச்சை அவிழ்க்க என்றார். செய்து காட்டப் போய் முடிச்சு இன்னும் இறுகியது.

“நீ சொல்லேன், ஊமைக்கோட்டான்,” என்றாள் அக்கா.

படிக்கும்போது தூங்காமல் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள என்றேன். செய்தும் காட்டினேன். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் பேசி வீடு சிரித்த இடம் அந்த மேசை ஒன்றுதான்.

மறுநாள் ஷூ கடிக்கவில்லை. [இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.]

4

அம்மாவின் நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அது இங்கே உட்கார மாட்டேன் என்கிறது. அம்மா போய்ச் சேர்ந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அடுத்த வருஷம் அக்கா கல்யாணமாகிப் போனாள்.

இப்போது இரண்டு தட்டு. அப்பாவும் என்னைப் போலத்தான், வாயைத் திறக்கக் காசு கேட்பார். சாமானை உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, “உன் முறை,” என்பார். நான் ஒன்று சொல்வேன். அவர் ஒன்று சொல்வார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அது போய்விட்டால் மெல்லுகிற சத்தம்தான் மிஞ்சும்.

5

தக்காளிப் பையோடு வந்தவர் நாடகங்களுக்கு உடை தைக்கிறவர். அவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன்: உதட்டைச் சுழிப்பவர், பேரம் பேசுபவர். வரவில்லை. நல்ல மனுஷி. பழைய பொத்தான் தேடி வந்தார். அன்றைக்கென்று பார்த்து அப்பா சாமானைத் துடைக்கக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்.

“அட, இது இன்னும் இருக்கா,” என்று அந்த மனுஷி அதைக் கையில் எடுத்தார். பையில் தக்காளிக்கு மேலே நாடகத்துக்கான வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி. தோல் கையுறை, காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு விரலுக்குள் சாமானை விட்டு அமுக்கினார். விரல் விரிந்தது. அடுத்த விரல். அடுத்தது. சாமான் அந்த விரல்களுக்குள் போய்வந்ததைப் பார்த்தால், தன் வீட்டுக்குத் திரும்பியது போலிருந்தது.

“என்ன விலைங்க?”

அப்பா கையுறையைத் தொட்டுப் பார்த்தார். “என் வீட்டுக்காரி ஷூவுக்குன்னு சொன்னா,” என்றார் மெதுவாக. “விடைக்குப் பக்கத்துல வந்துட்டா. நான்தான் மறுத்துட்டேன்.”

பிறகு கடைக்காரக் குரலில், “வீட்ல பேசி முடிவு பண்ணணும்மா. நாளைக்கு வாங்க.”

“இதுல பேச என்ன இருக்கு?” என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

6

கதைக்கு மூன்று முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் சாமான் விற்றுப்போகிறது, நாங்கள் பேசாமல் சாப்பிடுகிறோம். இன்னொன்றில் அது தொலைந்து— வேண்டாம், கோழைத்தனம். மூன்றாவதில் அப்பாவே மறுக்கிறார். அவர் மறுக்க மாட்டார். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

நடந்தது இது. ராத்திரி அதை உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கையுறைக்காம். நான் ஒத்துக்கறேன். நீ?”

உபயோகம் எழுதாத சீட்டு என் மடியில் இருந்தது.

“இல்லப்பா.”

தலை நிமிர்ந்தார். “பாத்தல்ல?”

“பாத்தேன். எனக்குத் தோணல.”

சாமானை என் பக்கம் நகர்த்தினார். கோபமா, நிம்மதியா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

“மறுத்தா வேற சொல்லணும். கை கழுவிட்டு வரேன், யோசிச்சு வை.”

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. இத்தனை ராத்திரியில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். அப்பா இன்னும் தொட்டியடியில்தான் நிற்கிறார். குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. தட்டையும் சேர்த்துக் கழுவுகிறார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் நீங்களும் மேசையில் உட்கார்ந்தவர்தான். அவர் குழாயை மூடுவதற்குள் ஒன்று சொல்லுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

செய்து காட்ட முடிந்தால் போதும்.