ஏழாம் நம்பர் மெஷின் பாடியது

ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஏழாம் நம்பர் மெஷின், மணிமேகலையும் மதுரைவீரனும் ஒரே ஷிஃப்டில் இருந்த நாட்களில் மட்டும் பாடியது. கொரோனா ஓய்ந்த மறு வருடம் இத்தாலியிலிருந்து கண்டெய்னரில் வந்து இறங்கிய பழைய மெஷின் அது. மதுரைவீரன் அதை ஓட்டினான். அதிலிருந்து வரும் சக்கரங்களை அளந்து பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரித்து வைப்பது மணிமேகலையின் வேலை. அவள் பக்கத்தில் வந்து நின்றதும் மெஷினுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் சேர்ந்துகொள்ளும். என்ன மொழி என்று எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை. தமிழ்க்காரர்கள் கன்னடம் என்றும், கன்னடக்காரர்கள் தெலுங்கு என்றும், தெலுங்குக்காரர்கள் ஒடியா என்றும், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் தமிழ் என்றும் நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். பாடிய ஷிஃப்டுகளில் ஒரு சக்கரம்கூடக் கழியவில்லை. அதனால் இன்ஜினியர் ஸ்ரீராம் அந்த இருவரையும் நிரந்தரமாக மதியம் இரண்டு மணி ஷிஃப்டில் போட்டார். ஊர்ப் பெண்ணும் காலனிப் பையனும் விரும்பியதற்கு இந்த வட்டாரத்தில் கிடைத்த ஒரே ஒத்தாசை அதுதான்.

இருவருக்கும் கெலமங்கலம் பக்கத்தில் ஒரே கிராமம். கம்பெனி பஸ் அங்கே இரண்டு இடத்தில் நிற்கும்: ஊர் முனையில் மணிமேகலைக்கு ஒரு தடவை, ஒரு பர்லாங் தள்ளி காலனி முனையில் மதுரைவீரனுக்கு ஒரு தடவை. பஸ்ஸுக்குள் அவள் மூன்றாவது சீட்டிலும் அவன் கடைசி சீட்டிலும் முன்பின் தெரியாதவர்களைப் போல உட்கார்ந்து வருவார்கள். அப்பா போன பிறகு அவள் வீட்டுக்கு அண்ணன் குருமூர்த்திதான் எல்லாம். அவர்களுடைய ரோஜாத் தோட்டத்தில்தான் மதுரைவீரனின் அம்மா மாரம்மா இருபது வருடமாகப் பூ வெட்டினாள். அந்த வீட்டில் அவளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பிளாஸ்டிக் சொம்பு தனியாக இருந்தது. சின்ன வயதில் அதைக் கழுவி வைத்தவள் மணிமேகலை. மதுரைவீரனிடம் முதன்முதலாக அவள் மனம் விட்டுப் பேசியது அந்தச் சொம்பைப் பற்றித்தான், வெட்கப்பட்டு, கண் கலங்கி. அன்றைக்குத்தான் மெஷின் முதன்முதலாகப் பாடியது.

எட்டாம் மாதம் சர்வீஸுக்கு வந்த இத்தாலிக்காரர் பாட்டைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். எங்கள் நாட்டு மேடையில் முழுக்கப் பாடியே நடிக்கும் கதை இது, என் அம்மாவோடு போய் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன் என்றார். ஸ்ரீராம் அதைத் தமிழில் சொன்னார். பெரிய வீட்டுப் பெண், அந்த வீட்டு வாசலில் சேர்க்காத குடும்பத்துப் பையன். முதல் அங்கத்தில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள்; மெஷின் இதுவரை பாடியது அதுதான். இரண்டாம் அங்கத்தில் அண்ணன்காரன், தங்கை எழுதியது போல ஒரு பொய்க் கடிதம் எழுதுவான்.

"கடைசியில என்னாங்க ஆவுது?" என்று மணிமேகலை கேட்டாள்.

இத்தாலிக்காரர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. அவன் முதலில் போய்விடுவான், கடைசிப் பாட்டை அந்தப் பெண் தனியாகப் பாடுவாள், கடைசி வரி முடிந்ததும் அவளும் விழுந்து செத்துப்போவாள் என்றார்.

மதுரைவீரன் சிரித்தான். "வேற பாட்டு இல்லையாமா, கேளுங்க சார்."

வேறு பாட்டு இல்லை என்றார் அவர். ஆயில் மாற்றிவிட்டு, பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, வழக்கம் போல, தொழிலாளர்களின் வீட்டு ஆட்களை உள்ளே விட்டார்கள். குருமூர்த்தி வெள்ளை வேட்டியில் வந்து, தங்கை வேலை செய்யும் இடத்தைப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தான். மெயின் சுவிட்ச் இறக்கி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தார்கள். கரண்ட் இல்லாத ஏழாம் நம்பர் அப்போது என்றைக்கும் இல்லாத சத்தத்தில் பாடத் தொடங்கியது. மணிமேகலையோடு வேலை செய்யும் நிர்மலா வெள்ளந்தியான பெண். பொரிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே விருந்தாளிக்கு விளக்கம் சொன்னாள்: "உங்க தங்கச்சியும் வீரனும் பக்கத்துல நின்னாத்தாங்க இது பாடும். வேற யாரு நின்னாலும் ஊமைங்க." குருமூர்த்தி மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற மாரம்மாவின் மகனைப் பார்த்தான். பொரியை வாங்கிக்கொண்டான். "நல்லாப் பாடுது" என்றான். மறுநாளிலிருந்து பஸ் ஊர் முனையில் நிற்கவில்லை. பின்னால் நடந்தது தெரிந்த நாளில் நிர்மலா தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அவள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.

பத்தாம் நாள், மணிமேகலையிடமிருந்து பிடுங்கிய போனிலிருந்து மதுரைவீரனுக்கு ஒரு செய்தி போனது. சாயங்கால பஸ்ஸில் அஞ்செட்டிக்கு வா, அங்கே காத்திருக்கிறேன், ஊரை விட்டுப் போய்விடலாம். அவன் அதை ஸ்ரீராமிடம் காட்டினான். "டேய், அந்தாளு சொன்ன கதையில வந்த லெட்டர்தான்டா இது, போவாத" என்று ஸ்ரீராம் கெஞ்சினார். "எனக்கும் தெரியுது சார்" என்றான் மதுரைவீரன். "நூத்துல ஒண்ணு நெசமாவே அவ வந்து நின்னுட்டா? அந்தக் காட்டுல தனியா நிப்பா சார்." நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

மூன்று நாள் கழித்துக் காட்டோரத்தில் கிடைத்தான். யானை மிதித்தது என்று போலீஸில் எழுதினார்கள். இந்தப் பக்கம் யானையின் மேல் பழி போட்டால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. மாரம்மா மட்டும் எழுதுகிறவர் முன்னால் நின்று, "யானை அவன் போனையும் எடுத்துக்கினு போச்சுங்களா சாமி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

தை மாதம் மணிமேகலைக்கும் ஆனேக்கல்லில் இருக்கும் அத்தை மகன் கௌதமுக்கும் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டி மேளம் எழும்பாமல் போனது. வாத்தியங்கள் அத்தனையும் வாயடைத்துக் கிடக்க, அவள் வாய் திறந்து தனியாகப் பாடினாள், அந்த மெஷினின் மொழியில். பதினேழு நிமிடம். குருமூர்த்தி தலை நிமிரவில்லை. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசி வரிக்கு வந்ததும் பாட்டு நின்றுவிட்டது. வந்த மௌனத்தில் கௌதம் தாலியைக் கட்டினான். அவள் சாகவில்லை.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு அவள் பாடுகிறாள். கௌதம் கெட்டவன் இல்லை. முதல் மாதம் ஜன்னலை மூடினான், இரண்டாம் மாதம் டாக்டரிடம் கூட்டிப்போனான், பிறகு விட்டுவிட்டான். தெருவில் இப்போது அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவள் பாடுகிறாள். அது வந்துவிட்டால் போய்ச் சேரலாம். தினமும் முயன்று பார்க்கிறாள். வாயில் வருவதில்லை.

வரி எங்கே போயிற்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் மெஷினைக் கழற்றி, ஒயரை வெட்டி, பழைய இரும்புக்குப் போட ஒரு மூலையில் தள்ளி வைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு பதினேழுக்கு அது ஆண் குரலில் ஒரே ஒரு வரி பாடுகிறது. யாருக்கும் தவறக்கூடாது என்று கேண்டீனில் டீ நேரத்தை இரண்டு இருபதுக்கு மாற்றினார்கள். ஸ்ரீராம் பிடித்த பிடியில் கம்பெனியில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த மாரம்மா, அந்த ஒரு வரி முடியும் வரை துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். பிறகு மீதி இடத்தைப் பெருக்குகிறாள்.