ரப்பர் தட்டின் உபயம்

லோஷினிக்குத் தன் இடது கையைக் கண்டாலே ஆகாது. சொன்ன பேச்சு கேட்காத கை அது. வலது இரண்டு, இடது இரண்டு, வலது இரண்டு, இடது இரண்டு. டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு இந்த இரட்டை அடிதான் அரிச்சுவடி. இது சீராக வேகமெடுத்தால், இடைவெளியே தெரியாமல் உருளும் ‘ரோல்’ ஆகிவிடும். கிளினிக் வேலை முடிந்து, ஜொகூரின் கெலாங் பாத்தாவில் இருக்கும் ஃபிளாட்டுக்கு வந்ததும் மாதக்கணக்கில் இதே கூத்துதான். சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுப் பிரேமலா அக்கா சண்டைக்கு வந்ததிலிருந்து ரப்பர் தட்டில்தான் பயிற்சி.

ஒருவழியாக இடது கையும் வழிக்கு வந்தது. சரியான நேரம்தான். ரூபேந்திரனின் இசைக்குழுவில் டிரம்மர் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை பொந்தியானில் கல்யாண விருந்து. விளக்கை அணைத்து, மணமக்கள் உள்ளே வரும்போது ரோல் மட்டும் மெதுவாகத் தொடங்கி ஏற வேண்டும். அதை ஒழுங்காக வாசிப்பவருக்கே அந்த இடம். போட்டிக்கு ஹேமநாதன் ஒருவன்தான். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவன். வீட்டில் ஒரு ரப்பர் தட்டுகூடக் கிடையாது. பாவம், இவன் எங்கே வாசிக்கப் போகிறான் என்று லோஷினி உள்ளூரச் சிரித்துக்கொண்டாள்.

ஒத்திகை அறையில் கீபோர்டைத் தட்டிக்கொண்டே ரூபேந்திரன் சொன்னான்: “சின்ன டிரம் வேணாம். தரையில நிக்குதே, அந்தப் பெருசுல அடி. கனமா கேக்கணுமாம், மாப்பிள்ளை சொல்லிட்டாரு.”

பெரிய டிரம்மின் தோல் தொளதொளவென்று இருந்தது. லோஷினி ஆரம்பித்தாள். முதல் அடி விழுந்தது, இரண்டாவது செத்துப்போனது. அழுத்தி அடித்தாள். இன்னும் மோசம். இடது கை நொண்டியடித்தது.

“அலமாக்! வீட்ல நல்லாதான்லா வந்துச்சு!” அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

அடுத்து ஹேமநாதன் உட்கார்ந்தான். மெதுவாகத் தொடங்கினான். ஒவ்வொரு அடியும் முழுசாக விழுந்தது. ரூபேந்திரன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான். ஹேமநாதனுக்குத்தான் இடம் என்று சொல்லவே தேவையில்லை.

வெளியே வந்ததும் லோஷினி வெடித்தாள். “நீ எங்கதான் பிராக்டிஸ் பண்ற?”

“பஸ்லதான். மடியில பேக், உள்ள மெத்துனு வேலை ஜாக்கெட். பார்டர் ஜேம்ல வேற என்ன செய்யிறது?”

“பேக் மேலயா? குச்சி எழும்பவே எழும்பாதே!”

“ஆமா. நாமதான் தூக்கணும்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரப்பர் தட்டு குச்சியைத் துள்ள வைக்கும், தொளதொளத்த தோல் வைக்காது. இத்தனை மாதமும் அவள் அடித்தது முதல் அடியை மட்டும்தான். இரண்டாவதை ரப்பர் அடித்திருக்கிறது. கை வழிக்கு வந்துவிட்டதென்று இவள் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து தட்டைக் கட்டிலுக்கடியில் வீசினாள். தலையணையை மடியில் வைத்து அடித்தாள். இடது கை இரண்டாவது அடிக்கு எழும்பவே மறுத்தது. மணிக்கட்டு வலித்தது. எரிச்சலில் குச்சியை முறித்துப் போடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து ரூபேந்திரன் அழைத்தான்.

“லோஷினி, ஹேமநாதனுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம். விடமாட்டாங்களாம். நீயே வந்துரு. அங்க யாருக்கும் தெரியாதுலா.”

வரேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை பாடும். ஆனால் விளக்கு அணைந்த மண்டபத்தில் கேட்கப்போவது அந்தச் சத்தம் ஒன்றுதான். அந்த மணப்பெண் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அப்படி நடந்து வருவாள், அதுவும் ஒரு நொண்டி ரோலுக்கா?

“என்னால முடியாது. வேற ஆளப் பாரு.”

“ஏய், அப்புறம் இடம் கிடைக்காது, சொல்லிட்டேன்!”

“தெரியும்!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே குச்சியை எடுத்தாள். வலது இரண்டு. இடது ஒன்று. அடுத்ததற்குக் குச்சி தலையணையிலேயே கிடந்தது. அதை அவளேதான் தூக்க வேண்டியிருந்தது.