ரீச்சர் இன்னும் வரேல்ல

புலம்பெயர்ந்தோர் வாழும் டண்டினொங் நகரின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மயூராவிடம் படிப்பவர்கள் சிறுபிள்ளைகள் அல்ல. தமிழ்க் குடும்பங்களுக்கு மருமகளாகவும் மருமகனாகவும் வந்து மாட்டிக்கொண்ட வளர்ந்த ஆட்கள். சனிக்கிழமைகளில் நேரில் வந்து பேசிப் பழகுவார்கள். இனிமேல் வாரநாளில் அவள் அனுப்பும் வீடியோவையும் வசதிப்பட்ட நேரத்தில் பார்த்து, அது முடிந்ததும் பயிற்சியைச் செய்ய வேண்டும். இந்தப் புது ஏற்பாடு மயூராவுடையது. பொறுப்பாளர் மகேந்திரராஜாவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

முதல் வீடியோ போனது. எல்லோரும் பார்த்தார்கள். பயிற்சியை ஒருவரும் தொடவில்லை.

"வீடியோவை நிப்பாட்டுவம் பிள்ளை. கிழமையில ரெண்டு பின்னேரம் நேரிலயே வகுப்பு வைப்பம்," என்றார் மகேந்திரராஜா.

பின்னேரங்களில் மயூராவுக்குக் கிடங்கில் வேலை. வகுப்பு வேறு யாருக்கோ போய்விடும். இந்த ஊரில் அவள் ஆசைப்பட்டுச் செய்யும் ஒரே காரியம் அது.

அந்தச் சனிக்கிழமை மகேந்திரராஜா கடைசிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயூரா கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன் ஒருத்தரும் பயிற்சி செய்யேல்ல?"

வியட்நாம்காரி லியென்தான் வாயைத் திறந்தாள்.

"ரீச்சர், நீங்கள் வரேல்ல."

"எங்க வரேல்ல?"

"வீடியோவில. கடைசியில 'போட்டு வாறன்' சொன்னீங்கள். வாறன் எண்டா வருவீங்கள்தானே? நான் பாத்துக்கொண்டு இருந்தன். நீங்கள் வந்த பிறகுதான் பயிற்சி எண்டு நினைச்சன்."

"நானும்," என்றான் லொறி ஓட்டும் பிரெண்டன். "கோப்பி குடிச்சு முடிஞ்சுது. ரீச்சர் இல்ல."

மயூராவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 'போய்விட்டு வருகிறேன்' என்று விடைபெற வாய்ப் பழக்கத்தில் வந்த சொல் அது.

"நாங்கள் 'போறன்' எண்டு சொல்லமாட்டம். திரும்பி வரமாட்டம் எண்ட மாதிரிக் கிடக்கும். அதால வெளிக்கிடேக்க 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறது."

வகுப்பே சிரித்தது. லியென் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமியும் எங்கட வீட்ட வந்துட்டு அப்பிடித்தான் சொல்லுவா. நான் தேத்தண்ணி ஊத்தி வைச்சிட்டு இருப்பன். அவ வரமாட்டா. என்னைப் பிடிக்கேல்ல எண்டு நினைச்சன்."

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். "வீடியோ இல்லாட்டி இந்தப் பிள்ளை இதைக் கேட்டிருக்காது. வகுப்பு இல்லாட்டி மறுமொழி கிடைச்சிருக்காது. ரெண்டும் நடக்கட்டும் மயூரா. நீரே நடத்தும்."

அவள் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் லியென் போனோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

"மாமி," என்பது உள்ளே கேட்டது. "இண்டைக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சாத்தான் விடுவன்."