ஜோயலின் இறுக்கமான குழிகள்

என் புருஷன் ஜோயலுக்குக் கொழுப்பு. சதுரங்கப்பட்டினத்தில் குச்சியால் பந்தைக் குழியில் தள்ளுகிற பூல் டேபிள் போட்டுக் கடை வைத்தவன், ஆறு குழிகளின் வாயிலும் துணிக்கடியில் கூடுதல் ரப்பரை ஒட்டிச் சின்னதாக்கிவிட்டான். துளி பிசகினாலும் பந்து உள்ளே போகாது. "இதுல போட்டாத்தான் ஆட்டம்" என்பான். புதிதாக வருகிறவர்கள் ஒரு பந்துகூடப் போட முடியாமல், அவன் பார்க்கிற பார்வையில் கூசிப்போய், மறுபடி எட்டியே பார்ப்பதில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

நேற்று அவன் மதுராந்தகம் போயிருந்தபோது, ஒரு மூலைக் குழியின் துணியைப் பிரித்து, ரப்பரை உரித்தெடுத்து, துணியை மறுபடி இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்த டேபிளை என்னைக்கூடத் தொட விடமாட்டான். துணியில் ஒரு சுருக்கம் வேறு விழுந்திருந்தது. அவன் திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் பக்கத்து டவுன்ஷிப்பிலிருந்து எனக்குத் தெரிந்த சுஷ்மிதா தன் ஆபீஸ் தோழிகளோடு வந்தாள். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன். பிடித்தால் வாராவாரம் வருவார்கள்.

ஆடுகிற குச்சியை வாங்கும்போதே சுஷ்மிதா தயங்கினாள். "துணி கிழிஞ்சிடுமா?" என்று கேட்டாள். பிறகு, குச்சி வழுக்கி ஓடக் கையில் பூசிக்கொள்வதற்காகக் கடையில் வைத்திருந்த பவுடரை எடுத்து, கேரம் போர்டு நினைப்பில் டேபிள் முழுக்கத் தூவிவிட்டாள்.

போன மாதம் இதே தப்பைச் செய்தவரை ஜோயல் வாசல்வரை விரட்டியிருக்கிறான்.

பிரஷ்ஷோடு வந்தான். துடைத்துக்கொண்டே நான் பிரித்த மூலைக்குப் போனான். சுருக்கத்தில் பவுடர் வெள்ளைக் கோடாகத் தங்கியிருந்தது. குழியின் வாயை விரலால் தடவினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இவர்கள் முன்னால் கத்தினால் எல்லாம் முடிந்தது.

"சாரிங்க, எனக்குத் தெரியாது," என்று சுஷ்மிதா குச்சியைச் சுவரில் சாய்த்தாள். தோழிகள் பையை எடுத்துக்கொண்டார்கள்.

ஜோயல் குச்சியை எடுத்து அவளிடமே நீட்டினான்.

"இன்னாத்துக்கு மேடம் பயம்? இந்தக் குழிக்கு அடிங்க. இது பெருசா கீது."

அடித்தாள். பந்து ஓரத்தில் முட்டித் தடுமாறி உள்ளே விழுந்தது. அவள் நம்பாமல் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். தோழிகள் பையைக் கீழே வைத்தார்கள்.

ஜோயல் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு பயந்துகினா சொல்லாம செஞ்ச?" என்றான் மெதுவாக.

"ஆமா."

அவன் மற்ற குழிகளைப் பார்த்தான்.

"மீதி அஞ்சையும் பிரிச்சிடலாம். துணிய நான் இஸ்துப் பிடிக்கிறேன், நீ பின் அடி."