மறைமுக முகவரி

“உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கல்யாணமான மூன்றாம் நாள் கணவர் கேட்டார்.

“உங்க இஷ்டம்ங்க,” என்றாள் குமுதவல்லி.

“இல்ல, உனக்குன்னு ஒரு ஆசை இருக்கும்ல?”

“அப்படி ஒண்ணுமில்லீங்க.”

இருந்தது. குமுதா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்தபோது மாமியார் காபியோடு வந்துவிட்டார். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. முதல் நான்கு வருடம் கணவர் ‘இந்தா’ என்று சமாளித்தார். மகள் யாழினி பிறந்ததும் ‘யாழினி அம்மா’ என்று மாற்றிக்கொண்டார். அவருக்கு அது பெரிய நிம்மதி. குமுதவல்லி அவரை ‘ஏங்க’ என்பாள். அவர் பெயரைப் படிவங்களில் எழுதியிருக்கிறாள். வாயால் சொன்னதில்லை.

செய்முறைத் தேர்வு அன்று, கணினிக்குள் நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பழைய பேச்சுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கணினி அமைப்பும் அசெம்பிளி மொழியும் என்று அவள் சேர்ந்திருந்த பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் கணினிக்குள் வைத்துத்தான் நடத்தினார்கள். வெளியே வகுப்பறை ஒதுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். நீண்ட தாழ்வாரம். இருபுறமும் நினைவக அறைகள். ஓர் அறைக்கு ஒரு மாணவர். ஒன்பதாம் அறைக்கு அடுத்தது பத்து அல்ல, ஏ. அப்படியே எஃப் வரை போன பிறகுதான் பத்து வரும்; நம் பதினாறுதான் அங்கே பத்து. முதலில் குமுதவல்லிக்கு இது குழப்பமாக இருந்தது. இப்போது வீட்டில் வெங்காயத்தைக்கூட அப்படித்தான் எண்ணுகிறாள். அவளுக்குக் கொடுத்தது பி அறை.

அறையில் இருப்பவர்கள் காத்திருக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. கூட்டவோ கழிக்கவோ வேண்டுமென்றால் தாழ்வாரத்தின் முன்னால் உள்ள நான்கு ரெஜிஸ்டர் நாற்காலிகளில் ஒன்றுக்கு வர வேண்டும்.

தேர்வும் அதுதான். வீட்டிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்று கூப்பிடுவார். அடுத்த மணி அடிப்பதற்குள் மாணவர் நாற்காலிக்கு வந்துவிட்டால் தேர்ச்சி. மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றும் தவறினால் அறையில் அவர் மேல் வேறொன்றை எழுதிவிடுவார்கள். போன வருடம் சி அறை சற்குணத்தின் மேல் மின்விசிறியை எழுதினார்கள். நல்ல மனுஷி. இப்போதும் நல்ல காற்று வருகிறது.

கணவர் அரை நாள் விடுப்பு போட்டு, தேய்த்த சட்டையும் டிபன் பாக்ஸுமாக வந்திருந்தார். வாசலில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அசெம்பிளர் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சொல்வதையெல்லாம் ஒன்று, சுழி என்று இரும எண்களாக நீளத் தாளில் எழுதுவது அவர் வேலை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் “ஒண்ணு ஒண்ணு” என்பார். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

“கூப்பிடுங்க சார்,” என்றார் அசெம்பிளர்.

“யாழினி அம்மா,” என்று கணவர் கூப்பிட்டார்.

யாழினி வந்து நின்றாள். பள்ளிச் சீருடை, கையில் அறிவியல் நோட்டு. “அம்மா பி ரூம்ல இருக்காங்கப்பா,” என்று சொல்லிவிட்டு, தனக்கும் பரீட்சை இருக்கிறது என்று திரும்பிப் போனாள். மணி அடித்தது. குமுதவல்லி ஒரு காலை மட்டும்தான் வெளியே வைத்திருந்தாள்.

“மறைமுக முகவரி,” என்றார் அசெம்பிளர். “மொதல்ல பொண்ணத் தேடிப் போய், அதுகிட்ட அம்மா எங்கன்னு கேட்டுட்டு வரணும். அதுக்குள்ள மணி அடிச்சிடும். நேரா கூப்பிடுங்க.”

கணவர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார். நிறைய யோசித்தார்.

“இந்தா,” என்றார்.

அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸ் அசெம்பிளர் கைக்குப் போனது. கணவர் கையிலும் இருந்தது. அந்த மொழியில் ஒன்றை நகர்த்துவது என்றால் நகலெடுப்பது.

“இது பேரு இல்ல சார், கட்டளை,” என்ற அசெம்பிளர், தன் பங்கைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் ஒரு வாய் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். தான்தான் செய்ததாகவும், அவள் படிக்கப் போனதிலிருந்து தான்தான் சமையல் என்றும் கணவர் சொன்னார். மணி அடித்தது.

இரண்டு பேர் தண்ணீர் வடிகட்டி ஒன்றைத் தூக்கி வந்து பி அறை வாசலில் வைத்தார்கள். குமுதவல்லியின் மேல் எழுத வேண்டியது அது. புதியதுதான். ஒரு வருட உத்தரவாதம் இருந்தது.

தாழ்வாரம் கொஞ்சம் நீண்டது. தூரத்தில் கணவர் கட்டை விரல் அளவுக்குத் தெரிந்தார். அவர் வாய் ‘யா’ என்று திறப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏங்க,” என்று அவசரமாகத் தடுத்தாள்.

வாசலில் பதினேழு கணவர்கள் திரும்பினார்கள். அவள் கணக்கில் பதினொன்று. எல்லோரும் தங்களைத்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் எண்ணெய் பாக்கெட் இருந்தது. இன்னொருவர் துணியெல்லாம் எடுத்து மடித்தாயிற்று என்று அவளிடம் தகவல் சொன்னார். அவளுடைய கணவர் மற்றவர்களுக்கு வழிவிட்டு எல்லோருக்கும் பின்னால் நின்றார். பேருந்திலும் அவர் அப்படித்தான் ஏறுவார். பாதி நாள் அடுத்த பேருந்தில்தான் வருவார்.

“சாருக்கு உங்க பேரு தெரியாதாம்மா?” என்று அசெம்பிளர் சன்னலிலிருந்து கேட்டார்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் கூப்பிடல?”

“நான் கேக்கல.”

“கேக்க எவ்ளோ நேரம் ஆகப் போவுது?”

“இதுவரைக்கும் பதினாலு வருஷம்.”

அசெம்பிளர் அதையும் தாளில் எழுதினார். ஒன்று, ஒன்று, ஒன்று, சுழி.

குமுதவல்லி தண்ணீர் வடிகட்டியைப் பார்த்தாள். பிறகு பதினாறு தலைகளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு தலையைப் பார்த்தாள். நடு வகிடு இன்றைக்கும் கோணல்.

“தணிகாசலம்,” என்றாள்.

அந்தப் பெயரைத் தன் குரலில் இப்போதுதான் கேட்கிறாள். நன்றாக இருந்தது. பதினாறு பேரும் தாங்கள் இல்லை என்று சொல்லிச் சுவரோரம் ஒதுங்கினார்கள். தாழ்வாரத்தின் நடுவில் அவர் மட்டும் டிபன் பாக்ஸைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

“சொல்லு,” என்றார்.

“என்னைக் குமுதான்னு கூப்பிடுங்க.”