சுவர்மேல் ஒரு பாட்டில்

எங்கள் ஓட்டக் கூட்டத்தில் என்னை எல்லாரும் ஸ்டாப்வாட்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகமாக ஓடுவதால் வந்த பெயர் இல்லை. யாராவது இரண்டு நிமிஷம் தாமதித்தால் மணிக்கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டுவேன், அதனால் வந்தது. காத்திருப்பது என்றாலே எனக்கு ஆகாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கக்கூட இவளுக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொங்கி வழிந்த அடுப்பைத் துடைப்பவர் அவர்தான், அதனால் சொல்லலாம்.

புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு ஏரிப் பூங்காவின் வாசலில் கூடுவோம். பதிமூன்று பேர். ஏரியைச் சுற்றி மூன்று சுற்று ஓட்டம், பிறகு வாசலில் வட்டமாக நின்று கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி. நடத்துபவர் ஒரு பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். எங்கள் மலை ஊரில் குளிர்காலத்தில் ஆறரை வரைக்கும் இருட்டு. குல்லா, மஃப்ளர், கையுறை என்று ஆளாளுக்கு மூட்டை கட்டினதுபோல் வந்து நிற்போம். வாயைத் திறந்தால்தான் யார் என்றே தெரியும்.

அதனால் டீச்சர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஓடக் கிளம்பும் முன் அவரவர் தண்ணீர் பாட்டிலை வாசல் பக்கத்துக் குட்டைச் சுவர்மேல் வைக்க வேண்டும். ஓடி முடித்தவர் தன் பாட்டிலைத்தான் எடுக்க வேண்டும். சுவர்மேல் ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது, தேடிப் போக வேண்டும். இந்த ஏற்பாடு வந்ததே என்னால்தான். போன வருஷம் பூங்காக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டேன். எண்ணிப் பார்க்காமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியாக ஓடி வந்த பஸ் அண்ணன் சத்தம் கேட்டு, தோளால் மோதிக் கதவைத் திறந்தார்.

பஸ் அண்ணன் டவுன் பஸ் ஓட்டுபவர். ஐம்பத்திரண்டு வயது. உடம்பில் சர்க்கரை. எடையைக் குறைக்காவிட்டால் டிப்போவின் உடல் தகுதித் தேர்வில் கழித்துவிடுவார்கள் என்று டாக்டர் பயமுறுத்தியதால் ஓட வந்தவர். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். நான் நடந்தாலே அவரை முந்திவிடுவேன். அவருடைய ஸ்டீல் பாட்டிலுக்கு அண்ணி சிவப்புக் கம்பளியில் மஞ்சள் பட்டை வைத்து ஓர் உறை பின்னிக் கொடுத்திருந்தார். குளிரில் ஸ்டீலைத் தொட்டால் அவர் விரல் மரத்துப்போகுமாம். அதைச் சொல்லி நாங்கள் கிண்டல் செய்யாத வாரமே கிடையாது.

அன்றைக்கு எனக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது, பின்தங்கிவிட்டேன். மூன்றாவது சுற்றில் எனக்கும் பின்னால் இருந்தது பஸ் அண்ணன் மட்டும்தான். மரப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரைத் தாண்டும்போது குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார். ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது.

"இதைக் கொஞ்சம் கட்டி விடும்மா. விரல் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

எத்தனை நேரம் ஆகியிருக்கும் ஒரு முடிச்சுப் போட? பத்து நொடி. நான் நிற்கக்கூட இல்லை. லேபுக்கு நேரமாகிவிட்டது அண்ணா, உள்ளே சொருகிக்கொண்டு மெதுவாக வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன். லேப் என்றால் ரத்தப் பரிசோதனைக்கூடம். அங்கே ரத்தம் எடுப்பது என் வேலை. ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து கதவைத் தட்டுவார்கள். முந்தின நாள் ஏற்கெனவே பத்து நிமிஷம் தாமதமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்தபோது மணி ஆறு ஐந்து. எல்லாரும் சுவருக்கு முதுகைக் காட்டி, வட்டமாக நின்று காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர்மேல் இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று சிவப்புக் கம்பளி.

இந்த மனுஷன் ஆடி அசைந்து வந்து சேர இன்னும் கால் மணி நேரமாவது ஆகும், அதுவரை பன்னிரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. இரண்டு பாட்டிலையும் எடுத்தேன். அவருடையதைச் சுவரடியில் வைத்திருந்த என் கைப்பைக்குள் போட்டேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் கொடுத்துவிட்டு நாலு கிண்டல் செய்தால் போயிற்று என்று நினைத்தேன். டீச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்தார், காலியாக இருந்தது. எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம் என்றார். நான் முதல் ஆளாகக் கிளம்பினேன்.

காலை பத்து மணிக்கு டீச்சர் போன் செய்தார். மரப்பாலத்தில் பனி உறைந்திருந்ததாம், பஸ் அண்ணன் வழுக்கி விழுந்துவிட்டாராம். கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். ஓடும்போது போன் கொண்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நாயோடு நடக்க வந்த யாரோ பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது மணி ஆறு ஐம்பத்தைந்து. அதற்குள் உடம்பு விறைத்து, பேச்சும் குழறிவிட்டதாம். ஐம்பது நிமிஷம் கிடந்தாரே என்று டீச்சர் அழுதார். என் கைப்பை மேஜைக்கு அடியில் இருந்தது, பாட்டில் அதற்குள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராக அவரைப் பார்க்கப் போனோம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. சின்ன வீடு. முன்னறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கால் இரண்டு தலையணைமேல் இருந்தது. கதவுக்குப் பின்னால் அவருடைய யூனிஃபார்ம் கோட்டு இஸ்திரி போட்டுத் தொங்கியது. அண்ணி எங்களுக்கு டீ கொடுத்தார்.

டீச்சரால் அடக்க முடியவில்லை. சுவர் காலியாக இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேனே அண்ணா, நீங்கள் பாட்டில் வைக்கவே இல்லையா என்று கேட்டுவிட்டார். வைத்தேனே என்றார் அவர். வைத்தால் எங்கே போகும் என்றார் அண்ணி. வீடு முழுக்கக் குடைந்துவிட்டாராம், பாலத்துப் பக்கமும் தேடியாயிற்றாம், பாட்டிலைக் காணோமாம். போன மாதம் குடையைத் தொலைத்தார், அதற்கு முன்னால் பாஸ்புக், இப்போது இது என்று அண்ணி விரல் விட்டுச் சொன்னார். பஸ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து டீ டம்ளருக்குள் பார்த்தேன்.

"வெச்ச மாதிரிதான் இருக்கு. வெக்கலையோ என்னமோ" என்றார் கடைசியில்.

ஷூ கயிற்றைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. நான் டீயைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த டீ எப்படி என் தொண்டையில் இறங்கியது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

பாட்டிலைக் கோடைத் துணி வைக்கும் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். வாய்க்கு லீவு விட்டுவிட்டாயா என்று வீட்டுக்காரர் கேட்டார், எரிந்து விழுந்தேன். புதன்கிழமைகளில் காய்ச்சல், தலைவலி என்று ஏதேதோ சொல்லி ஓடப் போகவில்லை. பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எழுதவே கூசுகிறது. பாட்டிலைக் கொண்டுபோய்ப் பாலத்துக்குக் கீழே புதரில் போட்டுவிட்டால்? கையோடு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார், விழும்போது நழுவிவிட்டது, நாம்தான் சரியாகத் தேடவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி கைப்பையில் வைத்தேன். மூன்று நாள் சுமந்தேன். அதைச் செய்யவும் துப்பில்லை.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, லேபைத் திறந்து ஹீட்டரைப் போட்டேன். அறை இன்னும் சூடாகவில்லை. ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பஸ் அண்ணன் வாசலில் நின்றார், பின்னால் அண்ணி. இருவரும் என்னைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டார்கள். தெரிந்த கை என்றால் வலிக்காது என்று அண்ணி சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் என்று வரிசையாக எழுதி, மேலே காரணம் என்ற இடத்தில் 'ஞாபக மறதி' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். அண்ணி வெளியே பெஞ்சில் உட்காரப் போனார். பஸ் அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். கால் தேறிவிடுமாம், டாக்டர் உறுதி சொல்லிவிட்டாராம். ஆனால் இனி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவதில்லை, டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை கேட்டுக் கடிதம் எழுதியாயிற்று, திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். எதற்கு அண்ணா என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"என்னை நம்பி அறுபது பேர் பின்னால உக்காந்திருப்பாங்கம்மா. ஒரு பாட்டிலை வெச்சேனா வெக்கலையான்னு தெரியாதவன், சிவப்பு விளக்கைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது?"

நரம்பு நன்றாகப் புடைத்து நின்றது. பச்சைப் பிள்ளைக்குக்கூட ஒரே குத்தில் எடுப்பேன் என்று எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அவரிடம் இல்லாத நோயை அவர் ரத்தத்தில் தேடுவதற்கு நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நோயைக் கொடுத்தவளே நான்தான். ஊசியைத் தட்டில் வைத்தேன். பட்டையை அவிழ்த்தேன். மேஜைக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்து, பாட்டிலை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"நீங்க வெச்சீங்க அண்ணா. சுவர்மேல, என்னோடதுக்குப் பக்கத்துல. நான்தான் எடுத்தேன்."

எதற்காக எடுத்தேன் என்றும் சொன்னேன். ஷூ கயிற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், ஊன்றுகோலால் ஒன்று போட்டால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கம்பளி உறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வெச்சேனா?" என்றார்.

"வெச்சீங்க."

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். அண்ணியைக் குரல் கொடுத்து உள்ளே கூப்பிட்டார். பாட்டிலை உயர்த்திக் காட்டி, நான் மறக்கவில்லை, வைத்திருக்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள் என்றார். பிறகு, குறை சொல்கிற குரலிலேயே இல்லை, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்:

"அங்க கிடந்தப்போ நான் பயப்படவே இல்லம்மா. பாட்டில் சுவர்மேல இருக்கு, அது இருக்கற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க, இதோ வந்துடுவாங்கன்னு படுத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனப்புறம்தான், வெக்கலையோன்னு சந்தேகம் வந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன். என் காதுக்கே அது பொருத்தமில்லாமல் கேட்டது. அவர் சட்டைக் கையை மறுபடி மேலே சுருட்டி, வந்தது வந்தாயிற்று, சர்க்கரைக்கு மட்டுமாவது எடுத்துவிடு என்று கையை நீட்டினார்.

"நிதானமா எடும்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

நான் ஊசியை எடுக்கப் போனேன். அண்ணி குறுக்கே வந்து அவர் கையை மெல்ல இறக்கிவிட்டார். சட்டைக் கையை இழுத்துப் பொத்தானைப் போட்டார்.

"நீ எடுக்க வேண்டாம். வேற ஆள் எப்ப வருவாங்க?"

எட்டு மணிக்கு என்றேன்.

"நாங்க காத்திருக்கோம்" என்றார்.

இருவரும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள், வெறும் வயிற்றோடு, நடுவில் அந்தப் பாட்டில். டீ வேண்டுமா என்று கேட்கவும் முடியாது, சோதனைக்கு வந்தவர்கள். ஹீட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து. எட்டு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.